மேடைக்கு எத்தனை அங்குலம்?



எங்கள் வீட்டின் பழைய சமையலறையை இடித்துக் கட்டும் வேலை தொடங்கிய அன்று, கொத்தனார் டேப்பை நீட்டியபடி என்னிடம் கேட்டார்: “மேடை எத்தனை அங்குலம் சார் வைக்கட்டும்?” நான் யோசிக்கவே இல்லை. “36” என்றேன். ஐந்தடி ஒன்பது அங்குல ஆளுக்கு அது இதமான உயரம்தான். ஆனால் அந்த மேடையோடு எனக்குள்ள உறவு, குடித்த காபி டம்ளரைக் கொண்டுபோய் வைப்பதோடு சரி. நாள் முழுக்க அங்கே நிற்கப்போகிற இருவரும் அப்போது தாழ்வாரத்தில் அடுப்பை வைத்து வேலையாட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் உயரம் ஐந்தடி. மனைவி அதைவிட ஓர் அங்குலம் கூடுதல்.

“முப்பத்தாறா? அப்ப எனக்கு ஏறி நிக்க ஒரு மணையும் சேத்துப் போடச் சொல்லுப்பா” என்றார் அம்மா, டீயை ஆற்றிக்கொண்டே.

மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது தச்சர்களும் வடிவமைப்பாளர்களும் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. ஐந்தடிப் பெண்மணிக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வந்து நிற்கும். காய் நறுக்க அந்த உயரம் போதும். ஆனால் அதே மட்டத்தில் அடுப்பையும் வைத்தால் கதை மாறுகிறது. அடுப்பு ஓர் ஐந்து அங்குலம், அதன்மேல் குக்கரோ குண்டானோ எட்டு அங்குலம். பாத்திரத்தின் வாய் ஏறக்குறைய தோளுக்கு வந்துவிடும். பாயசம் கிண்டுகிறவர் அரைமணி நேரம் கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நாலு அங்குலம் இறக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். கிரானைட் கல்லை இரண்டாக வெட்ட வேண்டும், மட்டம் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று கொத்தனார் முனகுவார். முனகட்டும்.

சமையலறையை அளந்து அமைப்பது ஒரு தனிக் கலை என்று உலகம் ஒப்புக்கொண்டு நூறாண்டுதான் ஆகிறது. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் நடந்த பெரிய வீட்டுவசதித் திட்டத்துக்காக மார்கரெட் ஷுட்டே-லிஹாட்ஸ்கி என்ற வியன்னா நகரத்துப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ரயில் உணவுப் பெட்டியில் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு முன்மாதிரி. சமைப்பவர் எடுத்துவைக்கும் அடிகளையும் ஆகும் நேரத்தையும் கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அப்படியே அமைந்தது. இதில் வேடிக்கை, அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சமைக்கத் தெரியாததால்தான் அளந்து பார்த்தாரோ என்று எனக்குத் தோன்றும். தெரிந்தவர்கள் பழக்கத்தை நம்புவார்கள்.

அந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது ஒன்று: வேலை மேசை ஜன்னலுக்குக் கீழே இருந்தது, அதன் முன்னால் உட்கார ஒரு சுழலும் முக்காலி இருந்தது. வெளிச்சத்தில், உட்கார்ந்து காய் நறுக்கலாம். நம் வீடுகளில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்தே காய் நறுக்கிய காலம் ஒன்று இருந்தது. அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியதும் புகையும் குனிதலும் குறைந்தன, நல்லதுதான். ஆனால் அதோடு உட்காரும் இடமும் போயிற்று. இன்று எத்தனை சமையலறைகளில் ஒரு ஸ்டூலுக்கு இடம் விட்டிருக்கிறோம்?

குறையும் அந்த அமைப்பில் உண்டு. பருப்பு, அரிசி, மாவு போட அலுமினிய இழுப்புகள் பெயர் பொறித்து வரிசையாக இருந்தன, நம் அஞ்சறைப்பெட்டியைச் சுவரில் பதித்ததுபோல. அவற்றில் சில குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. அதைவிடப் பெரிய குறை, ஒரே ஒருவர்தான் அங்கே நின்று வேலை செய்ய முடியும். இன்னொருவர் உள்ளே வந்தால் இடிக்கும்.

அந்தக் குறை இன்றும் வரைபடங்களில் தொடர்கிறது. அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான விதி அது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி. நம் ஊரில் எட்டுக்குப் பத்து அறையில் எப்படி வைத்தாலும் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும், ஆகவே அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, குறுக்கே யார் வருகிறார் என்பதை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து சமைக்கும் வீட்டில் கொதிக்கிற சாம்பாரோடு ஒருவர் திரும்பும்போது இன்னொருவர் பிரிட்ஜைத் திறக்கிறார். இதை எந்த முக்கோணமும் சொல்லாது.

நாங்கள் கண்டுபிடித்த வழி கோலப்பொடி. மொட்டைமாடியில், சமையலறையை முழு அளவில் கோடு போட்டு வரைந்தோம். அடுப்புக்கு நாலு செங்கல், சிங்க்குக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பிரிட்ஜுக்கு ஒரு நாற்காலி. அம்மாவையும் மனைவியையும் காலைச் சமையலை அங்கே நடித்துக் காட்டச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு மும்முரமாகிவிட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை முட்டிக்கொண்டார்கள், மூன்றும் சிங்க் மூலையில். அடுப்பில் நின்ற நேரம் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. அரிசி களைய, கீரை அலச, கை கழுவ, கரண்டி கழுவ, பாத்திரம் கழுவ என்று திரும்பத் திரும்பத் தண்ணீரிடமே போனார்கள்.

எங்கள் பழைய சமையலறையில் ஜன்னலுக்கு நேர்கீழே அடுப்பு இருந்தது. காற்று அடித்தால் தீ அலையும். சிங்க் இருட்டு மூலையில் கிடந்தது. கோலத்தை அழித்து மாற்றிப் போட்டோம்: வடக்குப் பார்த்த ஜன்னலின் கீழ் சிங்க், அதன் வலப்பக்கம் மூன்றடி வெற்று மேடை, கிழக்குச் சுவரோரம் தென்கிழக்கு மூலையில் அடுப்பு. அக்கினி மூலை என்று அம்மாவுக்குத் திருப்தி, அதே சுவரில் உயரே எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கச் சந்து கிடைத்ததில் எனக்குத் திருப்தி. நாற்காலி, அதாவது பிரிட்ஜ், வாசலுக்கு அருகே வந்தது. தண்ணீர் எடுக்க வரும் பிள்ளைகள் அதன்பின் அடுப்புப் பக்கம் வரவில்லை.

நம் ஊர்ச் சமையலறை ஈரமான சமையலறை. மாடுலர் கிச்சன் காட்சிக்கூடங்களில் எனக்குப் பிடிபடாமல் போவது இதுதான். அங்கே தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கிரைண்டர் இல்லை, குடம் இல்லை. மேடைக்குக் கீழே கதவுக்குப் பதில் இழுப்பறை வைப்பது அவர்கள் தந்த நல்ல யோசனை. குனிந்து இருட்டில் துழாவ வேண்டாம். ஆனால் மரத்தூள் பலகை நம் தண்ணீருக்குத் தாங்காது, ஓரம் உப்பிவிடும். பலகைதான் வேண்டும் என்றால் சிங்க் பக்கமாவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் வாங்குங்கள். இல்லையேல் நம் கடப்பா கல் தடுப்பு இருக்கவே இருக்கிறது. அழகில்லை என்பார்கள். கரையான் தின்னாது, நனைந்தால் உப்பாது.

தரைக்கு வாட்டம் கொடுக்க மறக்காதீர்கள். கிரைண்டர் கழுவிய தண்ணீர் தானாக ஓடிப் போக வேண்டும். டைல்ஸ் ஒட்டியதும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்; அது எங்கே தேங்குகிறது என்பதைக் கண்ட பிறகே கணக்கை முடியுங்கள். எங்கள் வீட்டில் அது வாசற்படியை நோக்கி ஓடியது. ஆறு டைல்ஸைப் பெயர்த்தோம்.

பிளக் பாயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் தமிழக அரசு இலவச மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தைத் தொடங்கியபின் எத்தனையோ வீடுகளுக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன, ஒரே பிளக் உள்ள சமையலறைகளுக்கும்தான். இன்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது; 16 ஆம்பியர் பிளக் தனி இணைப்பில் வேண்டும். சுவரில் காடி வெட்டும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சுவிட்ச் போர்டு சிங்க்குக்கு மேலேயும் அடுப்புக்கு மேலேயும் வரக்கூடாது.

சிலிண்டர் விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். மேடைக்குக் கீழே சிலிண்டரை வைத்துக் கதவு போட்டால், கதவின் அடியில் காற்று போக நல்ல இடைவெளி வேண்டும். நிரம்பிய சிலிண்டர் மொத்தம் 30 கிலோவுக்குச் சற்றே குறையும். அதை உருட்டிக்கொண்டு வரும் வழியில் படியோ திருப்பமோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பரணைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அங்கே போய்ச் சேரும் பாத்திரங்கள் தீபாவளிக்குக்கூட இறங்குவதில்லை.

வேலை முடிந்து பால் காய்ச்சிய அன்று எல்லாரும் புது மேடையைத் தடவிப் பார்த்தார்கள். அம்மா பாலை இறக்கக் கரித்துணியைத் தேடினார். அதைத் தொங்கவிட ஓர் இடம் என்று எங்கள் கோலத்தில் யாரும் குறிக்கவில்லை. மறுநாள் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அவரே ஓர் ஆணி அடித்தார். டைல்ஸ் குறுக்கே விரிசல் விட்டது. துணி அந்த விரிசலை மறைத்தபடிதான் இன்றும் தொங்குகிறது.