‘சிறுவீடு’ என்னும் பெருங்கேடு
(கல்லாவியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்லாவிக்கு அண்மையில், ஊத்தங்கரையைத் தொட்டுக்கொண்டு ஒரு நெடுஞ்சாலை ஓடுகின்றது. கிருட்டினகிரியில் தொடங்கிச் செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் எனத் தொடர்ந்து புதுவைக் கடற்கரையில் சென்று முடிகின்றது. கிழமை இறுதியானால் பெங்களூரிலிருந்து புறப்படும் உந்துகள் இச்சாலையில் அணிவகுக்கின்றன. எதிர்த்திசையில், ஓசூர்த் தொழிற்பேட்டைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் இவ்வட்டாரத்து உழைப்பாளர் கையில் சோற்றுத்தூக்கோடு செல்கின்றனர். களிக்கச் செல்வோரும் உழைக்கச் செல்வோரும் எதிரெதிரே கடக்கின்ற சாலை இது. இதன் மறுமுனையில் என்ன கடை விரிக்கப்படுகின்றது என்பது கல்லாவி மக்களுக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று.

2022-ஆம் ஆண்டு சூன் திங்களில், சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘கோர்டெலியா’ என்னும் களியாட்டக் கப்பல் புறப்பட்டது. அது புதுவைக்கும் வருவதாக இருந்தது. கப்பலுக்குள் சூதாட்டக்கூடம் உண்டு என்னும் செய்தி பரவவே புதுவையில் எதிர்ப்பு எழுந்தது. அரசின் இசைவு கிடைக்காமல் கப்பல் அகன்றது. மூன்றாண்டுகள் சென்றன. 2025-இல் களியாட்டக் கப்பல் புதுவைக் கடலில் வந்து நின்றது. எதிர்ப்புக் குரலும் உடன் எழுந்தது. இன்று கப்பலாக வருவது நாளை கரையில் கட்டடமாக எழலாம். பண்பாட்டுச் சிறப்பால் சுற்றுலாவினரை ஈர்க்கும் ஒரு நகருக்குச் சட்டம் ஒப்பிய சூதாட்டக்கூடம் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? இவ்வினாவை உணர்ச்சியால் மட்டுமன்றிக் கணக்காலும் ஆய்தல் வேண்டும்.

முதற்கண் சொல்லை நோக்குக. சூதாட்டக்கூடம் என்று எவரும் உரிமம் கேட்பதில்லை. ‘காசினோ’ என்று கேட்கின்றனர். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குச் ‘சிறுவீடு’ என்பதே பொருள். சூதாடுதல் என்று சொல்லாமல் ‘கேமிங்’ என்கின்றனர். தமிழில் சொன்னால் தாய் முகஞ்சுளிப்பாள். அயன்மொழியில் சொன்னால் அமைச்சரும் கைகுலுக்குவார். சொல்லை மாற்றியவுடன் இழிவு மறைந்து மதிப்பு ஒட்டிக்கொள்கின்றது. அயற்சொல் மட்டுமே இம்மறைப்பைச் செய்யும் என்றும் எண்ணிவிடற்க. ‘பரிசுச்சீட்டு’ என்பது தூய தமிழ்தான். ஆயினும், ‘இழப்புச்சீட்டு’ என்று அழைத்திருந்தால் அதனை எத்துணைப் பேர் வாங்கியிருப்பர்? சொல் தூய்மையாக இருந்தால் போதாது. உண்மையாகவும் இருத்தல் வேண்டும்.

சூதாட்டக்கூடம் வேண்டுவோர் மூன்று கரணியங்கள் கூறுவர். அரசுக்கு வருவாய் வரும் என்பது ஒன்று. இளைஞர்க்கு வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. மறைவில் நடப்பதை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தால் கட்டுப்படுத்தலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஒவ்வொன்றாகவே ஆய்ந்து விடை காணல் வேண்டும்.

அதற்கு முன்னர், சூதாட்டக்கூடம் எவ்வாறு பொருளீட்டுகின்றது என்பதைத் தெளிதல் நன்று. அங்கே சுழலுருளை ஒன்று உண்டு. ஐரோப்பிய முறையில் அதில் சுழியம் தொடங்கி 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின்மேல் ஓர் உருபா வைத்து அவ்வெண்ணே வந்தால், வைத்த உருபாவும் அதனோடு 35 உருபாவும் கிடைக்கும். ஒருவர் 37 எண்களின்மேலும் ஒவ்வோர் உருபா வைக்கின்றார் என்று கொள்க. ஏதேனும் ஓர் எண் வந்தே தீரும், வெற்றி உறுதி! ஆனால் 37 உருபா வைத்தவர் கையில் மீள்வது 36 உருபாதான். வென்றும் தோற்கின்றார். இங்கு ஏமாற்றுக்காரர் எவரும் இல்லை, கணக்கே ஏமாற்றுகின்றது. ஆட்டம் நீள நீளக் கூடத்திற்கே ஊதியம். ஆடுவோருள் ஒரு சிலர் ஒரு நாள் வெல்லலாம். ஆடுவோர் கூட்டம் ஒருநாளும் வெல்வதில்லை.

இக்கணக்கை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே வள்ளுவப் பேராசான் கண்டிருந்தார். சூதில் பெற்ற வெற்றியையே அவர் மீன் விழுங்கும் தூண்டிலாகக் காட்டினார். தோல்வியைக் கண்டு அஞ்சியவர் மீண்டுவிடலாம். வெற்றியைச் சுவைத்தவர் மீள்வது அரிது. திருக்குறளில் ‘சூது’ 94-ஆம் அதிகாரம். அதற்கு முன்னது கள்ளுண்ணாமை, பின்னது மருந்து. குடிக்கும் நோய்க்கும் நடுவே சூது நிற்கின்றது. அதுவும் பொருட்பாலில் நிற்கின்றது. எனவே, சூது தனி ஒருவரின் ஒழுக்கக் கேடு மட்டுமன்று; நாட்டின் பொருள் பற்றிய சிக்கலும் ஆகும்.

இனி, இந்தியாவில் இவ்வழியில் முன்சென்ற கோவாவை நோக்குக. பழைய கோவாவின் கிறித்தவக் கோயில்கள் 1986 முதல் உலக மரபுச் சின்னங்கள். கடலும் கலையும் சேர்ந்த அந்நிலத்திற்கு விருந்தினர் வருவதற்குச் சூதாட்டம் தேவைப்படவில்லை. ஆயினும், 1976-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் 1992-இல் திருத்தப்பெற்று, ஐந்து விண்மீன் விடுதிகளில் மின்பொறிச் சூது புகுந்தது. 1996-இல் நீர்மேல் நிற்கும் கலங்களுக்கும் கதவு திறந்தது. தலைநகராகிய பனாசியின் முகப்பில், மாண்டவி ஆற்றில், சூதாட்டக் கலங்கள் வரிசையாய் நின்றன. ஆற்றைவிட்டு அவற்றை அகற்றுவதாக ஆட்சியாளர் பன்முறை உறுதி கூறினர். ஒவ்வொரு முறையும் காலநீட்டிப்பே வந்தது. உரிமம் கொடுக்க ஒரு கையெழுத்துப் போதும். திரும்பப் பெறவோ, அவ்வருவாயில் பழகிப்போன அரசுக்குக் கை எழாது. பழக்க நோய் ஆடுவோரை மட்டும் பற்றுவதில்லை, ஆள்வோரையும் பற்றுகின்றது.

அதே கோவா அரசு 2020 பிப்பிரவரி முதல், கோவா மக்கள் அக்கூடங்களில் சூதாடலாகாது என்று தடை விதித்தது. இத்தடையின் பொருளை ஆழ்ந்து எண்ணுக. உலகச் சூதாட்டத்தின் தலைநகர்போல் பேசப்படும் மொனாக்கோவில், அந்நாட்டுக் குடிமக்கள் சூதாட்ட அறைக்குள் புகக்கூடாது. நேபாளத்திலும் சொந்தக் குடிமக்களுக்குத் தடை. தென்கொரியாவில் பல கூடங்கள் இருந்தும், அந்நாட்டவர் நுழைய ஒன்றே ஒன்றுதான் உண்டு. சிங்கப்பூர் 2005-இல் முடிவெடுத்து 2010-இல் இரு கூடங்களைத் திறந்தது. தன் குடிமக்கள் ஒருநாள் நுழைய 100 வெள்ளி வரி விதித்தது. 2019-இல் அதனை 150 வெள்ளியாக உயர்த்தியது. நல்ல பொருளாயின் தன் மக்களுக்கு ஏன் தடை? பள்ளிக்கும் நூலகத்திற்கும் எந்த அரசேனும் இவ்வாறு தடுப்புச்சுவர் எழுப்பியதுண்டா? தன் பிள்ளைக்கு ஊட்ட அஞ்சும் சோற்றை விருந்தினர்க்குப் பரிமாறுவது விருந்தோம்பல் ஆகுமா? சூதாட்டக்கூடத்திற்கு எதிரான வலிமையான சான்றை, அதனைத் திறந்த அரசுகளே எழுதிக் கொடுத்துள்ளன.

சிங்கப்பூர் செழிக்கவில்லையா என்று கேட்பர். சிங்கப்பூரைச் செழிப்பித்தவை துறைமுகமும் தொழிலும் ஒழுங்கான ஆட்சியும் ஆகும். சூதாட்டக்கூடம் வருவதற்கு முன்னரே அது செல்வநாடு. வருமுன்னரே, சூதுக்கு அடிமையாவோரை மீட்க ஒரு மன்றத்தையும் அமைத்துக்கொண்டது. அத்தகைய காவல் இல்லாத ஊர்கள் கூடத்தை மட்டும் பார்த்து ஆசைப்படுவது, வேலி கட்டாதவன் யானை வளர்ப்பதை ஒக்கும். ஈழத்தமிழர் குருதி சிந்திய தீவின் தலைநகராகிய கொழும்பிலும் 2025-இல் ஒரு பெருஞ்சூதாட்டக்கூடம் திறக்கப்பட்டது. கடனில் மூழ்கிய அரசுக்கு அது கரையேற்றும் தெப்பமா, கழுத்தில் கட்டிய கல்லா என்பதைக் காலம் காட்டும்.

இப்பொழுது வருவாய்க் கணக்குக்கு வருக. 2025 செப்தம்பர் முதல் சூதாட்டக்கூடங்களுக்குச் சரக்கு-பணி வரி 40 விழுக்காடு. அவ்வரியில் சரிபாதி தில்லிக்குச் செல்லும். வரியில் பாதிதான் மாநிலத்திற்கு. அடகுக்கடைக்குப் போன தாலியும் இடையில் நின்ற பிள்ளையின் படிப்பும் கந்துவட்டியும் முழுமையாகவே ஊருக்கு. ஆலையில் நூறு உருபா முடங்கினால் ஒரு பொருள் உருவாகின்றது. வயலில் முடங்கினால் விளைச்சல் உருவாகின்றது. சூதில் முடங்கும் நூறு உருபாவால் உருவாவது யாதொன்றுமில்லை. ஒருவர் பையிலிருந்து மற்றொருவர் பைக்குப் பணம் இடம் மாறுகின்றது. அங்குக் கிடைக்கும் வேலையும் அத்தகையதே. ஓசூரில் ஓர் இளைஞர் பொறியியக்கக் கற்றால் எந்த நாட்டிலும் அக்கைத்திறன் அவருக்குச் சோறு போடும்; சீட்டுக் கலைத்துப் போடக் கற்றவர்க்குச் சூதாட்டக்கூடத்தை விட்டால் போக்கிடம் இல்லை.

தமிழகம் இக்கேட்டை அறியாத நிலமும் அன்று. 1968-இல் அறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசே பரிசுச்சீட்டைத் தொடங்கியது. நல்லெண்ணத்தில் தொடங்கியதுதான், பொதுப்பணிக்குப் பொருள் வேண்டும் என்றே தொடங்கியது. ஆனால் அச்சீட்டை வாங்கியோருள் பெரும்பாலார் செல்வரல்லர். மாலையில் கூலி வாங்கி, வீட்டுக்குச் செல்லும் வழியில் நின்ற உழைப்பாளரே. 2003 சனவரியில் செயலலிதா அரசு பரிசுச்சீட்டுக்கு முழுத்தடை விதித்தது. அவ்வருவாய் நின்றதால் பள்ளிகள் மூடப்படவில்லை, மருத்துவமனைகள் பூட்டப்படவில்லை. சூது வருவாய் இன்றியும் அரசு நடக்கும் என்பதற்குத் தமிழகமே சான்று.

தடைக்குப் பின்னரும் மறைவில் மூன்றெண் சீட்டு விற்கவில்லையா என்பர். விற்றது, 2019 இறுதியில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே நஞ்சுண்டு மாண்ட கொடுமைக்குப் பின் அதனை நாடே அறிந்தது. எனில், தீர்வு யாது? மறைவில் நஞ்சு விற்கப்படுகின்றது என்பதற்காக வெளிப்படையாக நஞ்சுக்கடை திறப்பார் உண்டோ? காவலைக் கூர்மைப்படுத்துவதன்றோ கடமை! கைப்பேசி வழியே சூது வீட்டுக்குள் புகுந்தபொழுது, தமிழகச் சட்டமன்றம் 2022-இல் சட்டம் இயற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அதன் பின்னரே ஒப்புதல் கிடைத்தது. சூதாட்டம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்த துறை. தன் பட்டியலில் உள்ள ஒன்றைத் தடுக்கவும் ஒரு மாநிலம் இருமுறை கதவு தட்ட வேண்டியிருந்தது! பின்னர் 2025-இல் நடுவணரசும் பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது. கையளவுத் திரையில் குற்றமாவது, கப்பலளவுக் கூடத்தில் மட்டும் சுற்றுலா ஆகிவிடுமோ?

பண்பாட்டு நகர் எதனை விற்று வாழ்வது என்பார்க்கு விடை அச்சாலையிலேயே உள்ளது. புதுவை, உரோமரோடு வணிகஞ்செய்த அரிக்கமேட்டைத் தன் மடியில் வைத்திருக்கின்றது. பாரதியார் பத்தாண்டு வாழ்ந்த ஊர் அது. பாவேந்தர் 1891-இல் பிறந்த ஊரும் அதுவே. செஞ்சிக் கோட்டை 2025-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. செங்கத்தில் ஆனிரை காத்து மடிந்த மறவர்க்கு எடுத்த நடுகற்கள் வட்டெழுத்தோடு நிற்கின்றன. இக்கிருட்டினகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுப் பழமையுடையது என 2022 மே திங்களில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. அதற்கு அடுத்த திங்களில்தான் சூதாட்டக்கப்பல் புறப்பட்டது! இரும்பின் செய்தியை எத்துணைப் பேர் அறிவர்? கப்பலின் செய்தியை எத்துணைப் பேர் அறிவர்?

பெங்களூரிலிருந்து புதுவை செல்லும் ஓர் உந்து, செங்கத்தில் ஒரு நாழிகை நின்றால் அவ்வூர்த் தேநீர்க்கடைக்குப் பிழைப்பு. ஊத்தங்கரையில் நின்றால் இவ்வட்டார மாவுக்கும் புளிக்கும் கேழ்வரகுக் களிக்கும் விலை. வழிகாட்டும் இளைஞர்க்கு வேலை. பண்பாட்டுச் சுற்றுலா வழிநெடுகப் பணத்தைத் தூவிச் செல்லும். சூதாட்டக்கூடமோ, வந்தவரை நான்கு சுவருக்குள் அடைத்து, உணவும் குடியும் உள்ளேயே கொடுத்து, பை வெறுமையான பின் வெளியே விடும். வெறும் பையோடு மீள்பவர் எந்தக் கடையில் நிற்பார்?

எனவே, தோழர்களே, செய்யவேண்டுவன மூன்று. மறைவுச் சீட்டு விற்பது தெரிந்தால் தாய்மார் வாய்மூடி இருத்தல் ஆகாது. கைப்பேசிச் சூதில் விழுந்த இளைஞரை எள்ளாமல், கைகொடுத்துத் தூக்குதல் வேண்டும்; அவர் குற்றவாளி அல்லர், தூண்டிலில் பட்டவர். மூன்றாவதாக, சாலையோர நடுகல்லுக்கு ஒரு கூரையும் ஒரு விளக்கப் பலகையும் வேண்டுமென்று அரசிடம் ஊர்தோறும் கேட்டல் வேண்டும்; அப்பலகை நல்ல தமிழில் இருத்தல் வேண்டும்.

ஊர் ஆனிரையைக் காக்கக் களத்தில் வீழ்ந்தவர்க்குத் தமிழர் கல் நட்டனர். சூதுக்களத்தில் வீழ்ந்தவர்க்கு எவரும் கல் நடுவதில்லை. அவர் கடனை அடைக்க மனைவி நிலத்தை விற்கின்றாள். அந்நிலை இம்மண்ணில் எவ்வீட்டிற்கும் வாராமல் காப்பதே தமிழ்காப்பு.

வெல்க தமிழ்! வீழ்க சூது!