கவிழ்த்துப் பார்க்க வேண்டிய ஜாடி

(செஞ்சி வட்டாரப் பழைய மாணவர்கள் வல்லத்தில் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் சட்டி பானையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு, அதுக்கு மேலே போனால் சாப்பாட்டு மணி அடிப்பேன்" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். சட்டி பானை என்று அவர் சொல்வது, நான் முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிற ஸ்டுடியோ பாட்டரியை. அதாவது தொழிற்சாலையில் அச்சில் வார்க்காமல், ஒரு கலைஞரோ சிறு பட்டறையோ சக்கரத்தில் கையால் வனைந்து, மெருகு பூசி, பெரிய சூளையில் சுட்டெடுக்கிற பாண்டம். இதை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் பேச்சு. நான் இதில் கெட்டிக்காரன் என்பதால் பேச வரவில்லை. ஒருமுறை நன்றாக ஏமாந்து, இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஒருவனையும் ஏமாற்றியவன் என்பதால் பேசுகிறேன். அவன் மூன்றாவது வரிசையில் இருக்கிறான், திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நம் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் இருந்தால் அது யாருடைய பேர்? கல்யாணச் சீர் வாங்கும்போது எவர்சில்வர் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். குடம் செய்தவர் பேரையா வெட்டுகிறோம்? பெண்ணின் பேரைத்தான். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறியிருக்கின்றன. பலவும் பானை சுட்ட பிறகு கீறியவை. வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்றுதான் பெரும்பாலும் கொள்கிறார்கள். செய்தவர் பேர் ஓட்டில் வருவது நமக்குப் பழக்கமே இல்லாத சங்கதி.

நம் வீட்டு மண் சாமானில் செய்தவர் பேர் போட்டு வந்தது ஒன்றே ஒன்று, கூரை மேலே இருந்தது. மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்றும், கூடவே 1865 என்றும் அச்சு இருக்கும். எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்தபோது அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நூற்றுச் சொச்சம் வருஷத்து ஓடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 1865 அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். எந்த வருஷம் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான். முத்திரை பொய் சொல்லவில்லை. நான் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஆட்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரில் வழங்கும் சிவப்புப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றின் உள்ளே குயவர் பட்டறையின் முத்திரை. அந்த முத்திரைகள் எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கி.பி. முதல் நூற்றாண்டு என்று அவர் காலம் குறித்தார். அந்தத் துண்டுகளுக்கு அது சரிதான். ஆனால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோது, அந்த இடத்தில் அதற்கு முன்பே மக்கள் இருந்தார்கள், வீலர் அதே கணக்கில் சேர்த்த வேறு வகைப் பாண்டங்களும் முந்திய காலத்தவை என்ற முடிவுக்கு வந்தார்கள். முத்திரை உள்ள துண்டு தன் வயசைத்தான் சொல்லும், பக்கத்தில் கிடந்த சட்டியின் வயசைச் சொல்லாது.

அதே புதுச்சேரியில்தான் நம் காலத்துக் கதையும். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், அந்த அம்மா ஜப்பானில் தொழில் கற்றவர். நம் ஊர்ச் சூளையில் வைக்கோலும் வறட்டியும் போட்டுச் சுடும் பானைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரி சூடே அதிகம். அங்கே 1200 டிகிரிக்கு மேல் எரித்தார்கள். மண் கல்லாக இறுகிவிடும், சுண்டினால் மணி மாதிரி கேட்கும். இதற்குத்தான் ஸ்டோன்வேர் என்று பேர். உள்ளூர் ஆட்கள் அங்கே வேலை கற்றார்கள். வெளியூர், வெளிநாட்டு மாணவர்களும் வந்து கற்றார்கள். பிறகு இவர்களில் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் சுற்று வட்டாரத்திலும் தனித்தனிப் பட்டறை போட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். மெருகு என்பது சமையல் குறிப்பு மாதிரி, கைமாறிவிடும். ஒரே பச்சை, ஒரே கருங்காப்பி நிறம், ஒரே மூடி போட்ட ஜாடி பத்துப் பட்டறையில் வரும். ஒரு பட்டறைக்குள்ளேயே வடிவம் வரைந்தவர் ஒருவர், வனைந்தவர் ஒருவர், மெருகில் முக்கியவர் வேறொருவராக இருக்கலாம். இங்கிலாந்தில் பெர்னார்ட் லீச் 1920-ல் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையிலும் இதே கதைதான். தினசரிப் புழக்கத்துக்கான பாண்டங்களில் பட்டறை முத்திரை மட்டும் இருக்கும், லீச்சின் சொந்த வேலையில் அவருடைய எழுத்துகளும் இருக்கும். பட்டறை முத்திரையைப் பார்த்துவிட்டு லீச் கைவேலை என்று வாங்கி விழித்தவர்கள் உண்டு. 1980-ஐ ஒட்டி அந்த நாட்டுச் சிறை ஒன்றில் மண்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகளே லீச் ஜாடி செய்து முத்திரையும் குத்த, பெரிய ஏலக் கடைகள் வரைக்கும் அது விலை போனது. மாறாக, லீச்சின் நண்பர் ஹமாடா ஷோஜி பிற்காலத்தில் பாண்டத்தில் பேரே போடவில்லை. அதை வைக்கிற மரப் பெட்டியில்தான் எழுதினார். பெட்டி தொலைந்தால் பேரும் போச்சு.

சரி, வேறு எதைத்தான் பார்ப்பது? கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பானைக்கு அடி வளையம் கிடையாது. பலகையால் தட்டித் தட்டி உருட்டிய அடி, அடுப்பிலும் பிரிமணையிலும் உட்கார்ந்தால் போதும். ஸ்டோன்வேர் கிண்ணத்துக்கும் ஜாடிக்கும் பெரும்பாலும் அடியில் ஒரு வளையம் செதுக்குவார்கள். அங்கே மெருகு இருக்காது, இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மண்ணின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். செதுக்குக் கருவியை எந்தச் சாய்வில் பிடித்தார், வளையத்தின் ஓரத்தை மழித்தாரா விட்டாரா, மெருகை ஈரத் துணியால் எந்த உயரத்தில் துடைத்தார், முக்கும்போது விரல் எங்கே பிடித்தது, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது, எல்லாம் அடியில் எழுதியிருக்கும். ஜப்பானில் வலஞ்சுழியாகச் சுற்றுவார்கள், இங்கிலாந்தில் இடஞ்சுழி. மேல் பக்கத்தைச் செய்கிறவர் பார்ப்பவருக்காகச் செய்கிறார். அடியை யோசிக்காமல், பழக்கத்தில் செய்கிறார். ஆகவே அது கையெழுத்து மாதிரி ஆகிவிடுகிறது.

வயசுக்கு இதைவிடச் சிரமம். தெர்மோலூமினெசென்ஸ் என்று ஒரு சோதனை இருக்கிறது, கடைசியாகச் சுட்டு எத்தனை காலமாயிற்று என்று சொல்லும். ஆயிரம் வருஷத்து ஓட்டுக்கு அது உதவும். நாற்பது வருஷத்து ஜாடியா முப்பது வருஷத்து ஜாடியா என்று அதனிடம் கேட்க முடியாது, போதாததற்கு அடியில் துளை போட்டு மண் எடுப்பார்கள். நமக்கு ஆகிறது வளையத்தின் தேய்மானம். உபயோகத்தில் தேய்ந்தால் கோடுகள் தாறுமாறாக இருக்கும். உப்புத்தாள் போட்டால் ஒரே சீராக இருக்கும். அதைவிட, வாங்கிய பில், கண்காட்சி அழைப்பிதழ், அலமாரியில் ஜாடி தெரிகிற கல்யாண போட்டோ, இவை லட்சம் பெறும். அப்புறம் சாதாரணக் கணக்கு: கோல்டன் பிரிட்ஜ், 1965 என்று யாராவது கொண்டுவந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்போது மூன்றாவது வரிசை. என்னிடம் பழுப்பு மெருகில் ஒரு மூடி ஜாடி இருந்தது. புதுச்சேரியில் வாங்கியது, பில் இல்லை, முத்திரையும் இல்லை. கோல்டன் பிரிட்ஜின் ஆரம்ப கால வேலை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி நிச்சயமாகிவிட்டது. நண்பன் மகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டான், ஆறாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தேன். நண்பன் விலை என்று வேறு சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து, புதுச்சேரிக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். கீற்றுக் கொட்டகை, ஒரு பெரியவர். அலமாரியில் அதே ஜாடி, அதே மூடி. கவிழ்த்தேன். வளையத்தின் உள்பக்கம் கட்டைவிரலால் ஒரு சுற்று அழுத்திய பள்ளம். என் ஜாடியில் நூறு தடவை துடைத்த அதே பள்ளம்.

"ஐயா, இந்தப் பள்ளம் எதுக்கு?"

"சும்மா பழக்கம் சார். ஆரம்பத்துலேர்ந்து அப்படியே வருது. வளையத்து ஓரம் கூராயிருந்தா மேசையக் கீறும்னு அமுக்க ஆரம்பிச்சேன்."

"எத்தனை வருஷமா இந்த ஜாடி செய்றீங்க?"

"கடைக்காரங்க எடுத்துட்டுப் போவாங்க சார். அவங்க என்ன பேர் சொல்லி விக்கறாங்களோ, அது எனக்குத் தெரியாது."

என் ஜாடியின் போட்டோவைக் காட்டினேன். மூடியின் குமிழைப் பார்த்ததுமே, கூரைக்குக் கீற்று மாற்றுவதற்கு முந்தின சூளையில் வந்தது என்றார். பேர் போடலாமே என்று கேட்டேன். "என் பேரைப் பாத்தா வாங்குவாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் பேர் தெரிந்திருந்தால் நான் ஆறாயிரம் சொல்லியிருக்க மாட்டேன்.

அங்கேயிருந்து நேரே நண்பன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி, பணத்தை மேசை மேல் வைத்தேன். "டேய், அப்போ இது யாரோடது?" என்றான். சொன்னேன். ஒரு துண்டுத் தாளில் அந்தப் பெரியவரின் பேரையும் ஊரையும் எழுதச் சொன்னான். எழுதினேன். மடித்து ஜாடிக்குள் போட்டு மூடினான். பிறகு பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஜாடியைத் திருப்பித் தரவில்லை. கேட்டுப் பார்த்தேன், "அது என் மகளுக்கு" என்று சொல்லிவிட்டான்.

மணி அடிக்கப் போகிறார். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டுவந்து காட்டுங்கள், காரிலேயே பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.