ஒரே விதியில் நிற்கும் பிள்ளைகள்

(குட்வில் எஸ்டேட் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, குடியிருப்பு, கப்பல் டிக்கெட் இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று கல்லூரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை அங்கே நுழைந்த பிறகு எப்படி நடத்தப்படுகிறது என்பதே இன்றைய பேச்சு. இது படித்தவர்கள் வீட்டுக் கவலை என்று எவரும் எழுந்து போய்விட வேண்டாம். ஒரு பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டு வர ஒரு தொழிலாளிக் குடும்பம் பன்னிரண்டு பதினைந்து வருட உழைப்பைக் கொட்டுகிறது. அந்தப் பிள்ளை அவமானம் தாங்காமல் பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினால், அத்தனை வருடக் கூலியும் கடலில் கரைத்த உப்பாகிவிடும். ஆகவே இதுவும் நமது கூலிப் பிரச்சினைதான்.

கல்லூரியில் சேரும்போது ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். பிள்ளை ஒன்று, பெற்றவர் ஒன்று, ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் கணினியிலேயே நிரப்பிவிடுகிறார்கள். "ராகிங் எது என்று சொல்லும் மூன்றாவது விதியைப் படித்து அறிந்துகொண்டேன்" என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருக்கிறது. தோழர்களே, நம்மில் எத்தனை பேர் அந்த மூன்றாவது விதியைப் படித்தோம்? ஆங்கிலத்தில் இருக்கிறது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம், வந்தோம். இன்று அந்த விதியைத்தான் உங்கள் முன் பிரித்து வைக்கப் போகிறோம்.

அது சும்மா வந்த விதியன்று. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பொன் நாவரசு சீனியர் மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் அவர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கதி என்ன? அதன் பிறகு 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் உயிரிழந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் கொண்டு வந்தது. பிள்ளைகளின் பிணத்தைப் பார்த்த பிறகே இங்கே காகிதம் நகர்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

2016 ஜூனில் அந்த மூன்றாவது விதியோடு இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். நிறம், இனம், மதம், சாதி, பாலினம், திருநர் என்பது, பாலியல் நாட்டம், தோற்றம், பிறந்த பிரதேசம், மொழி, பிறந்த இடம், குடியிருக்கும் இடம், பொருளாதார நிலை, இவற்றில் எதைச் சொல்லியும் எந்த மாணவரையும் உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவது ராகிங் என்கிறது அது. கூட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பதும் அதில் அடங்கும். முதலாண்டு மாணவருக்கு மட்டுமென்றில்லை, எல்லோருக்கும் பொருந்தும்.

இந்த வரிசையில் நம் பிள்ளை எத்தனை இடத்தில் நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். மொழி: 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். வங்காளிகளும் இந்திக்காரர்களும் நம்மைவிட அதிகம். வகுப்பில் இந்தி தடுமாறினால் சிரிப்பு. பிறந்த இடம்: இங்கே அவன் மதராசி, சென்னைக்குப் படிக்கப் போனால் அந்தமான்காரன். பொருளாதார நிலை: அதைச் சொல்லவே வேண்டியதில்லை, செருப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

சாதி? இந்தத் தீவுகளுக்கென்று பட்டியல் சாதிகளின் பட்டியலே கிடையாது. கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான். பட்டியலில் இல்லாததால் சாதி கப்பலேறாமல் நின்றுவிட்டதா? நம் திருமணப் பேச்சில் அது முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதை நாம் அறிவோம். அதே சாதி கல்லூரிக்கும் போகிறது. சான்றிதழ் மட்டும்தான் போவதில்லை.

நாங்கள் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவர்கள். உங்கள் தீவில் தண்டவாளம் இல்லை, ஆனாலும் எங்கள் இலாகாவின் பழைய கதை ஒன்று உங்களுக்கு உதவும். வெள்ளையர் காலத்தில் தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் மற்றவர்களும் விடாமல் எதிர்த்ததால் 1941ல் அது ஒழிந்தது. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. மாணவர் உணவுக்கூடம் ஒன்றில் சைவம் சாப்பிடுபவருக்கும் அசைவம் சாப்பிடுபவருக்கும் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்தார்கள், அறிவிப்பு அகற்றப்பட்டது. ரயில் நிலையத்தில் செத்தது கல்விக்கூடத்தில் எழுந்து உட்காரப் பார்க்கிறது. எதிர்க்க ஆள் இருந்தால் விழுகிறது, இல்லாவிட்டால் நிலைத்துவிடுகிறது.

எதிர்க்க ஆள் இல்லாதபோது என்ன நடக்கும்? சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பத்திலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்கு ஐதராபாத் பல்கலைக்கழகம் சென்றார் செந்தில்குமார். வழிகாட்டிப் பேராசிரியர் கிடைக்காமல் அலைந்து, 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிர்விட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 17ல், அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. இடையில் 2012ல், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அதிகாரியும் சமவாய்ப்புப் பிரிவும் வேண்டுமென்று மானியக் குழு விதி செய்திருந்தது. விதி இருந்தது, அதைக் கேட்டு வாங்கும் கை இல்லை. 2026 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. காகிதம் வரும், போகும். பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் முக்கியம்.

இனி, தாய்மார்களே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த வரிசையில் பாலியல் நாட்டம் என்றும் ஒரு சொல் வந்தது. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்று அதற்குப் பொருள். அது பட்டணத்துப் பணக்காரர் விவகாரம் என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் லயத்திலும் அப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். நடையைப் பார்த்து, குரலைப் பார்த்து, "ஒன்பது" என்று கூப்பிடும் வாய்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போனால் மொழிக்கு ஓர் அடி, ஏழ்மைக்கு ஓர் அடி, இதற்கு ஓர் அடி. மற்ற இரண்டையும் வீட்டில் வந்து சொல்லி அழலாம். இதைச் சொல்ல வீடும் கிடையாது.

சிறிய கல்லூரி என்றால் துன்பம் இன்னும் கூடுதல். போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு கல்லூரி 1967ல் வந்தது, மாயாபந்தரில் மகாத்மா காந்தி கல்லூரி 1990ல். தீவுக்குள் படிப்பதென்றால் போக்கிடம் இப்படி ஒரு சிலதான். ஊரெல்லாம் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில், காலையில் வகுப்பில் விழுந்த பட்டப்பெயர் மாலை பஸ்ஸில் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். பெரிய நகரத்தில் கூட்டத்தில் மறையலாம். இங்கே மறைய இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தத் தீவில் 1858ல் கைதிகளைக் கொண்டு வந்து இறக்கிய அதே வெள்ளை ஆட்சிதான், 1860ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 377 என்ற பிரிவை வைத்தது. அந்தப் பிரிவைக் காட்டித்தான் இவர்களைக் குற்றவாளிகள் என்றார்கள். 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அது அந்தமானுக்கும் பொருந்தும்.

2021ல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? தமக்கு இவ்விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமே ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, ஜூன் 7ல், இவர்களைக் காவல்துறை தொல்லை செய்யக் கூடாது, பள்ளி கல்லூரிகளில் பெற்றோரைக் கூட்டி விளக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இவர்களை "மாற்றிக் காட்டுகிறேன்" என்று வைத்தியம் செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் அறிவித்தது. ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள உட்கார்ந்தாரென்றால் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

ஒரே விதி, தோழர்களே! தமிழ் பேசுகிறான் என்று நம் பையனைக் கேலி செய்தால் எந்தப் பிரிவைக் காட்டி நாம் முதல்வர் அறைக்குப் போவோமோ, அதே பிரிவில்தான் அந்த மென்மையான குரல்காரப் பையனும் நிற்கிறான். அவனை வெட்டிவிட்டு நம் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நிக்கோபார் பிள்ளையையும் ராஞ்சிப் பிள்ளையையும் நம் பையன்கள் கேலி செய்தாலும் அதே பிரிவுதான் நம்மேல் பாயும், பாயத்தான் வேண்டும்.

ஆகவே இந்தக் கிளைக்கு மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: சேர்க்கைக்கு முன், பத்திரத்தையும் மூன்றாவது விதியையும் தமிழில் சொல்லி, எல்லாப் பெற்றோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு: ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். எந்த மாணவர் அழைத்தாலும் கூடப் போக வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். ராகிங் தடுப்புத் தொலைபேசி 1800-180-5522. கட்டணமில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள்.

மூன்று: இது வீட்டு வேலை. பிள்ளை வந்து, "அம்மா, நான் இப்படி" என்று சொன்னால், அடிக்காதீர்கள், பூசாரியிடம் இழுக்காதீர்கள், அவசரக் கல்யாணம் பேசாதீர்கள். முதலில் சோறு போடுங்கள். பிறகு உட்கார்ந்து கேளுங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்றால், சங்கம் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் என்று சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் அந்த இரண்டு பெயர்களை எழுதி அனுப்புங்கள். பத்திரத்தின் தமிழ் வாசகத்தை நாங்கள் தயார் செய்து அனுப்புகிறோம்.