செங்காந்தள் விதையும் செல்லுக்குள் ஓடும் இழையும்

கைதட்டினீர்கள், மகிழ்ச்சி. தட்டிய கையை அசைத்தது எது தெரியுமா? தசைக்குள்ளே ஆக்டின் என்றொரு புரத இழை, மயோசின் என்றொரு புரத இழை. மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. கோடி கோடியாய் இழுத்தால் ஒரு கைதட்டல்! அந்த ஆக்டினை ஸ்ட்ராப் என்ற ஆய்வாளர் கண்டறிந்தது 1942இல், ஹங்கேரியின் செகெட் நகரத்தில். உலகமே போரில் எரிந்தபோது அங்கே ஓர் ஆய்வகம் தசையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

செல் என்றால் தண்ணீர்ப் பை என்றுதான் நமக்குப் படம் வரைந்து காட்டினார்கள். இல்லை ஐயா, இல்லை! உள்ளே மூன்று வகை இழைகள். ஆக்டின், 7 நானோமீட்டர் தடிமன். கெரட்டின் போன்ற இடைநிலை இழைகள், சுமார் 10. நுண்குழல்கள், 25. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். தோலின் கெரட்டின் பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. பெற்றவள் அழுத்தித் தூக்கினாலே தோல் கொப்பளித்துவிடும். இழை தாங்கவில்லை என்றால் உடம்பு தாங்காது.

1950களில் அமெரிக்காவில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த படத்தைப் பாருங்கள். ஒரு வெள்ளையணு, ஒரு பாக்டீரியாவைத் துரத்துகிறது. அது வளைந்தால் இது வளைகிறது. சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, கடைசியில் விழுங்கிவிடுகிறது! காலில்லாமல் எப்படி ஓடியது? முன்பக்கம் ஆக்டின் இழை முளைத்துச் சவ்வைத் தள்ளுகிறது, பின்பக்கம் கரைகிறது.

நுண்குழலும் அப்படித்தான். இந்தப் பந்தலுக்கு நட்ட கால் விழா முடியும்வரை அசையாது. செல்லின் பந்தல்காலோ நிமிடத்துக்கு நிமிடம் வளர்கிறது, சட்டென்று சரிகிறது, மறுபடி வளர்கிறது. மிச்சிசன், கிர்ஷ்னர் என்ற ஆய்வாளர்கள் 1984இல் இதைக் கண்டு சொன்னார்கள். செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுப்பது இந்தக் குழல்கள்தான்.

இப்போது நம் மூலனூருக்கு வருகிறேன். (கைதட்டட்டும், காத்திருக்கிறேன்.) அந்தக் குழலை வளரவிடாமல் பிடித்து நிறுத்தும் பொருள் எதில் இருக்கிறது? நீங்கள் விளைவிக்கும் கண்வலி என்கிற செங்காந்தள் விதையில்! கால்சிசின். தின்றால் உயிரை வாங்கும் நஞ்சு, அளந்து கொடுத்தால் மருந்து. கௌட் என்னும் மூட்டுவலியில் வெள்ளையணுக்கள் மூட்டுக்குள் படையெடுக்கின்றன. அந்தப் படையை அடக்குவது இதுதான்.

அந்தப் பூவைப் பார்த்திருக்கிறீர்களே, சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்கும். மகரந்தம் தானாக எட்டாது. காலையில் கொடிப் பந்தலுக்குள் நுழைந்து, பூப் பூவாய் மகரந்தம் எடுத்து, தொட்டுத் தொட்டு வைக்கிறார்களே நம் தாய்மார்கள், அவர்கள் பெயரை எந்த மேடை சொன்னது? சிலர் வருகிறார்கள். செங்காந்தள் எங்கள் மாநில மலர் என்று முழங்குகிறார்கள். மாலை வாங்கிக்கொண்டு கார் ஏறுகிறார்கள். விதைக்கு விலை என்ன என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை! ஒரு வருடம் ஏறும், மறு வருடம் தலைகீழாய் விழும். யார் நிர்ணயிக்கிறார்கள்? விளைவித்தவனா?

எங்கே விட்டேன்? கால்சிசினில்! சிகாகோ, 1967. போரிஸி, டெய்லர் என்ற ஆய்வாளர்கள் கதிரியக்கம் ஏற்றிய கால்சிசினைச் செல்லுக்குள் அனுப்பி, அது எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்று தேடினார்கள். பிரியும் செல்லில் பற்றியது. மூளைத் திசுவில் ஏராளமாய்ப் பற்றியது. அந்தப் புரதம்தான் டியூபுலின், நுண்குழலின் செங்கல். உங்கள் விதைக்குள் இருக்கும் அதே மூலக்கூறுதான் உலகத்துக்கு அந்தக் கதவைத் திறந்தது!

ஆகவே கேட்கிறேன். அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நல்ல நுண்ணோக்கி வேண்டும். அம்மா கையால் விளைந்த விதை செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். விதைக்குக் குறைந்தபட்ச விலை வேண்டும். இரண்டையும் இந்த மேடையிலேயே தீர்மானமாக்குங்கள். ஆமோதிக்கிறவர்கள் கை தூக்குங்கள்!