பொம்மைக்கு அச்சு போடுவது யார்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்குப் பொம்மையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சில தோழர்கள் சிரிக்கிறார்கள். கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசுகிற இடத்தில் இது என்ன விளையாட்டு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் முதலில் ஒரு சோதனையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டை ஒட்டி, கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி கறுப்புக் குழந்தைகளின் முன்னால் சில பொம்மைகளை வைத்தார்கள். இருவரும் மனோதத்துவம் கற்றவர்கள். குழந்தைகளுக்கு வயது மூன்றிலிருந்து ஏழு வரை. பொம்மைகள் எல்லாம் ஒரே மாதிரி, நிறம்தான் வேறு. நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்துக் கொடுத்தன. கெட்ட பொம்மை எது? கறுப்பைக் காட்டின. கடைசியாக, "உன்னைப் போல் இருக்கிற பொம்மை எது?" என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதேவிட்டன.

மூன்று வயதுக் குழந்தை தன்னைத் தானே கெட்டது என்று எங்கே கற்றுக் கொண்டது? யாரும் வகுப்பு நடத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. தெருவிலும் கடையிலும் படத்திலும் பார்த்ததெல்லாம் அதற்குப் பாடம் சொல்லியிருக்கிறது. வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு வேறு பள்ளி என்று பிரிப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்போது இந்தப் பொம்மைச் சோதனையும் ஒரு சான்றாக எடுத்துக் கொள்ளப்பட்டது. ஆகவே விஷயம் சிறியதல்ல.

அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து வருஷத்தில், 1959 மார்ச்சில், நியூயார்க் பொம்மைச் சந்தையில் மாட்டெல் கம்பெனி பார்பி என்ற பொம்மையை வைத்தது. விலை மூன்று டாலர். அதுவரை பெண் குழந்தைகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தொட்டில் குழந்தை பொம்மைகள். இதுவோ வளர்ந்த பெண். விதவிதமான உடைகளைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்கி மாட்டலாம். பொம்மையில் ஒரு லாபம், உடையில் பல லாபம்! கம்பெனியை நடத்திய ரூத் ஹாண்ட்லர் அம்மையார் ஜெர்மனியில் விற்ற லில்லி என்ற பொம்மையைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். லில்லி வெள்ளை, பார்பியும் வெள்ளை.

இதே கம்பெனியின் உற்பத்தி வரிசையில் 1950களில் வேலைக்குச் சேர்ந்தவர் பியூலா மே மிட்செல் என்ற கறுப்பினப் பெண். என்ன செய்யலாம், யோசனை சொல்லுங்கள் என்று முதலாளியம்மாள் கேட்டபோது, "எங்களைப் போல் இருக்கிற பார்பி ஒன்று செய்தால் என்ன?" என்று அவரும் உடன் வேலை செய்த கறுப்பினப் பெண்களும் கேட்டார்கள். கவனியுங்கள், இந்தக் கோரிக்கை முதலில் எழுந்தது டிசைன் அறையில் அல்ல, தொழிலாளர் பக்கத்தில். 2023இல் வெளிவந்த கறுப்பு பார்பி பற்றிய டாகுமெண்டரிப் படத்தில் அந்த அம்மையாரே இதைச் சொல்கிறார். படத்தை எடுத்தவர் அவருடைய மருமகள் முறையாகும் லகேரியா டேவிஸ்.

கேட்டது கிடைத்ததா? 1967இல் ஒன்று கிடைத்தது. பார்பியின் உறவுக்காரி என்று ஃபிரான்சி என்ற வெள்ளைப் பொம்மை விற்றுக் கொண்டிருந்தது. அதே அச்சில் கறுத்த பிளாஸ்டிக்கை ஊற்றி, "கலர்டு ஃபிரான்சி" என்று பெயர் வைத்தார்கள். மூக்கு வெள்ளைக்காரியின் மூக்கு, உதடு வெள்ளைக்காரியின் உதடு. பெயராவது நல்ல பெயரா? தென் மாகாணங்களில் தண்ணீர்க் குழாயில் கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி எழுதி வைத்த அதே சொல்! அச்சு வேலை தெரிந்த தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புது அச்சு வெட்டப் பணம் வேண்டும். சாயத்தை மாற்றக் காசு அதிகம் ஆகாது. அடுத்த வருஷம் கிறிஸ்டி என்ற கறுப்புப் பொம்மை வந்தது. அதுவும் பார்பியின் தோழியாகத்தான். கறுப்புப் பெண் தோழியாக வரலாம், பார்பியாக வர முடியாது என்ற நிலை 1980 வரை நீடித்தது.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வாட்ஸ் பகுதியில் கறுப்பு மக்கள் கொதித்தெழுந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே லூ ஸ்மித், ராபர்ட் ஹால் என்ற இருவர் தொடங்கிய சுய உதவி அமைப்பிலிருந்து 1968இல் ஷிண்டானா என்ற பொம்மைக் கம்பெனி பிறந்தது. மாட்டெல் கம்பெனியே மூலதனமும் தொழில்நுட்பமும் கொடுத்து உதவியது. முதல் பொம்மை பேபி நான்சி என்ற குழந்தைப் பொம்மை. பிறகு மலைக்கா, வாண்டா போன்ற அலங்காரப் பொம்மைகளும் வந்தன. வெள்ளை அச்சில் கறுப்புச் சாயம் அல்ல. கறுப்பு மக்களின் முகத்தைக் கறுப்பு மக்களே வடித்தார்கள். 1983இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. பெரிய கம்பெனிகள் ஆளும் சந்தையில் சிறியவன் எவ்வளவு நாள் நிற்பான்?

1980இல்தான் பார்பி என்ற பெயரோடே கறுப்புப் பொம்மை வந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்ணாக இன்னொன்றும் அதே வருஷம் வந்தது. கறுப்பு பார்பிக்கு டிசைன் போட்டவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ். தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண், 1976இல் கம்பெனியில் சேர்ந்தவர். சிவப்பு உடை, குட்டையான சுருட்டை முடி. சிறுமியாக இருந்தபோது அவர் கையில் பார்பியே இருந்ததில்லை. தன் கையில் இல்லாததைத் தானே செய்தார். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போமே, அதுபோல்தான் இதுவும். 1991இல் ஷானி என்ற வரிசையில் மூன்று கறுப்புப் பெண்களை மூன்று விதமான நிறத்தில் அவர் கொண்டு வந்தார்.

ஆனால் மரக்கால் கைமாறினாலும் களம் கைமாறவில்லை. ஆன் டுசில் என்ற கறுப்பினப் பேராசிரியை 1994இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிடித்துக் காட்டினார். முகம் மாறியது, உடம்பு ஏறக்குறைய அதே உடம்பு. காரணம், பார்பியின் உடைகள் எல்லாப் பொம்மைக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் உடை விற்காது! பலவிதமான உடம்பு வந்தது எப்போது? 2014இல் விற்பனை சரிந்தது. 2016இல் பருமன், உயரம், குள்ளம் என்று உடம்பும் மாறியது, ஏழு விதத் தோல் நிறமும் வந்தது. பெற்றோரும் மற்றவர்களும் நெடுங்காலமாகக் கேட்டு வந்தது, விற்பனை இறங்கிய பிறகு முதலாளியின் காதில் விழுந்தது. அதற்காக அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போராடி வாங்கிய அரையணா உயர்வையும் நாம் வேண்டாம் என்று சொல்வதில்லை.

எலிசபெத் சின் என்ற ஆராய்ச்சியாளர் கனெக்டிகட் மாகாணத்தில் நியூஹேவன் நகரத்தின் ஏழைக் கறுப்புக் குடும்பங்களோடு பழகி எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. கறுப்புப் பொம்மை கடையில் வந்தாகிவிட்டது. ஆனால் அந்தச் சிறுமிகள் கையில் இருந்தவை வெள்ளைப் பொம்மைகளே. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பொன்னிற முடியைத் தங்கள் தலையில் பின்னுவதுபோலவே பின்னிவிட்டார்கள். எந்த டிசைனரும் சொல்லித் தரவில்லை.

இனி ஒரு விஷயம். முதல் பார்பி ஜப்பானில் தயாரானது. அந்தக் குட்டி உடைகளைத் தைத்தவர்கள் ஜப்பானியப் பெண்கள். வீட்டில் உட்கார்ந்து, பீஸ் கணக்கில், நகத்தளவு பொத்தான் வைத்துத் தைத்தார்கள். பிறகு வேலை கூலி மலிவான வேறு நாடுகளுக்குப் போயிற்று. இந்தோனேஷியாவில் சிகாராங்கில் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. அங்குள்ள பெண்களின் கூலி, வேலை நேரம் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இரவு ஷிப்டுத் தோழர்கள் எழுந்து நிற்கிறார்கள். அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக் கொள்வோம். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.