பட்டாணி எண்ணிய துறவி
(யூபிலி விழா இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால், ‘சும்மா இரு’ என்கிறோம். தேர்வில் தவறிவிட்டால், ‘இவன் உருப்பட மாட்டான்’ என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். நம் வீடுகளில் நடப்பதைத்தான் சொல்கிறோம்; யாரும் வருந்த வேண்டாம். இன்று கிரகோர் மெண்டல் என்ற துறவியின் கதையைக் கேட்போம்.

1822-ஆம் ஆண்டு, ஆஸ்திரியப் பேரரசின் சிற்றூர் ஒன்றில் உழவர் வீட்டில் பிறந்தவர் அவர். தந்தை காயமுற்று முடங்கவே, படிப்பு நிற்கும் நிலை. அப்போது தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்குக் கொடுத்தாள். (சீதனம் என்றால் வாங்கத்தான் நமக்குத் தெரியும்!) 1843-இல், இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில் அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்தார்.

குருவான பின், நோயாளிகளின் துன்பத்தைக் காணத் தாங்காமல் தாமே நோயில் விழுந்தார். மடத்து அதிபர் நாப் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பள்ளியில் பாடம் நடத்த அனுப்பினார். ஆசிரியர் தேர்விலோ 1850-இல் தோல்வி. வியன்னாவில் படித்துவிட்டு வந்து 1856-இல் மறுபடி எழுதப் போனார், அப்போதும் தேறவில்லை. அத்தகையவருக்குத் தோட்டத்தில் இடம் கொடுத்தாரே, அந்த அதிபரை நாம் முதலில் பாராட்ட வேண்டும்.

அந்த 1856-லேயே மெண்டல் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது? இதுதான் கேள்வி. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் மகரந்தம் மாற்றிக் கலந்தார். கிடைத்தவை எல்லாம் உருண்டை. சுருக்கம் எங்கே போயிற்று? அவற்றையே விதைத்துப் பார்த்தார். மறு தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஒவ்வொன்றாக எண்ணிய கணக்கு! ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த குணம் அழியவில்லை, உள்ளே ஒளிந்திருந்தது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளைப் பார்த்துவிட்டார்.

1865-இல் ஊர் இயற்கை ஆய்வுச் சங்கத்தில் இதை இரண்டு கூட்டங்களில் விளக்கினார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவே. 1868-இல் மடத்து அதிபரானார், 1884-இல் இறந்தார். 1900-இல்தான் ஆய்வாளர் மூவர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து, அவருடைய பழைய கட்டுரையைக் கண்டார்கள். இன்று மரபியலின் தந்தை என்று அவரை உலகம் அழைக்கிறது.

தங்கையை மட்டும் அவர் மறக்கவில்லை. அவளுடைய மூன்று மகன்களின் படிப்புக்கும் உதவினார். அவர்களில் இருவர் மருத்துவர் ஆனார்கள்.