உடலாகிய ஆலயத்தில் கரி படியாதிருக்க



திருக்கோயிலில் ஏற்றப்பெறும் தீபம் ஒளி தருகிறது. உடன் சிறிது கரியையும் உண்டாக்குகிறது. மனித உடலிலும் அவ்வாறே. உண்ட உணவை உயிர்வளியின் துணையால் ஆற்றலாக்கும் உயிரணு, அவ்வேளையில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளையும் தோற்றுவிக்கிறது. அளவோடிருந்தால் உடல் தானே அவற்றை அடக்கிவிடும். மிகுந்தாலோ, உயிரணுவின் சவ்வும் மரபணுவும் பழுதுறும். முதுமைக்கு இதுவே காரணமாகலாம் என 1956-இல் அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் எடுத்துரைத்தார்.

இக்கரியைத் துடைக்க மாத்திரையே போதும் என்று பின்னர்ப் பலரும் நம்பினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. புகையை விடாமல் மாத்திரையை நாடுவது, புகையும் திரியைச் சரிசெய்யாமல் சுவரை மட்டும் துடைப்பதற்கு ஒப்பாகும்.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிக அதிகம். குருதியில் மிகும் சீனி இம்மூலக்கூறுகளைப் பெருக்கிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அவ்வாண்டிலேயே அரசு உணவகங்களில் புகைத்தலைத் தடை செய்தது; இனிப்புப் பானங்களுக்கு வரியும் விதித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சீனிக்கும் புகைக்கும் எதிராக நெடுங்காலம் குரல் கொடுத்து வந்துள்ளது. எனினும் சட்டம் கடைவாயிலோடு நின்றுவிடும். அடுக்களைக்குள் காவல் நிற்பது இல்லத்தாரின் உறுதியே.

தேநீரில் சீனியைக் குறைத்தல், புகையையும் மதுவையும் அறவே விடுதல், பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதிருத்தல், போதிய உறக்கம் கொள்ளுதல், கீரையையும் கனியையும் உணவாகவே உண்ணுதல் ஆகியவை திரியைச் சரிசெய்யும் வழிகள். மருத்துவர் தந்த மருந்தை மட்டும் எவரும் தாமாக நிறுத்தலாகாது.

தண்ணீர்மலைக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசத்தன்று மட்டும் ஏறுவோர், ஆண்டு முழுதும் நாள்தோறும் சிறிது நடந்து பழகினால், இம்மூலக்கூறுகளை அடக்கும் உடலின் சொந்த ஆற்றலும் வளரும்.

இம்மாற்றம் அன்னதானக் கூடத்திலேயே தொடங்கலாம். பாயசத்தில் சீனி குறைவதால் பக்தி குறைந்துவிடாது. தீபத்திற்குக் கரி இயல்பே. அது மிகாமல் காப்பது ஏற்றியவரின் கடமை. அருளால் வாய்த்த உடலை அறிவால் பேணுவதும் வழிபாடே.